எனக்கும் பகவானுக்கும் நடுவில்

போன வாரம் காலை நடையில் ஒரு சின்ன வாக்குவாதம். நாங்கள் ஐந்து பேர், எல்லாருமே ஓய்வு பெற்றவர்கள். பெரிய கோயிலை ஒட்டிச் சிவகங்கைப் பூங்கா பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிவிட்டு வீட்டுக்குப் போவது பத்து வருஷப் பழக்கம். அன்றைக்கு எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுக்கும் ஆள் வரவில்லை. விசாரித்ததில் அவர் மனைவி நாலு நாளாக ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.

"ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?" என்றேன்.

ஒரு நண்பர் உடனே கண்ணை மூடிக் கைகூப்பினார். "நான் பிரார்த்தனை பண்ணிக்கறேன் சார். நேரில போய் என்ன ஆகப்போறது? பிரார்த்தனைங்கறது எனக்கும் பகவானுக்கும் நடுவில இருக்கற விஷயம். அவன் பாத்துப்பான்."

இன்னொரு நண்பர், இளமையிலிருந்தே கறுப்புச் சட்டைக்காரர், சிரித்தார். "கும்பிட்டா ஜுரம் இறங்குமா? ஆளுக்கு ஐந்நூறு போடுவோம். கடைக்காரர்கிட்ட கொடுத்தனுப்புவோம். வேலை முடிஞ்சுது."

இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேருக்கும் நாற்பது வருஷமாக ஆகாது. ஆனால் அன்றைக்கு ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள்: இரண்டு பேருமே பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருவர் பகவானை அனுப்பினார், இன்னொருவர் பணத்தை அனுப்பினார். யாரும் போகவில்லை. நானும் அன்றைக்குப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த நண்பர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் நாஸ்திகன் இல்லை. தினம் விளக்கேற்றுகிறேன். மார்கழியில் இன்றும் விடியற்காலையில் எழுந்து பாசுரம் சொல்கிறேன். 1969-இல் தபால் இலாகாவில் சேர்ந்து, 2007-இல் ஓய்வு பெறும் வரை, பெரும்பாலும் கீழத் தஞ்சைப் பக்கத்து ஆபீஸ்களில்தான் இருந்தேன். ஒரு மனுஷன் என்னவெல்லாம் வேண்டிக்கொள்வான் என்று அர்ச்சகருக்கு அடுத்தபடியாகத் தபால்காரனுக்குத்தான் தெரியும். பழைய மணியார்டர் பாரத்தின் அடியில் ஒரு கூப்பன் இருக்கும், நினைவிருக்கிறதா? அனுப்புகிறவர் நாலு வரி எழுதலாம். பழனிக்கும் வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் காணிக்கை அனுப்புகிறவர்கள் அதில் எழுதித் தருவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக் கொடுப்பேன். பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன், பசுமாடு, வயிற்றுவலி, கோர்ட்டு கேஸ். ஒரே ஆள் பழனிக்கும் அனுப்புவார், வேளாங்கண்ணிக்கும் அனுப்புவார். எந்தச் சாமி முதலில் பார்க்கிறதோ பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு. அதில் தப்பும் இல்லை. அவரவர் துன்பம் அவரவருக்கு.

ஆனால் அத்தனை வருஷத்தில், பக்கத்து வீட்டுக்காரன் வயிற்றுவலிக்காகக் காணிக்கை அனுப்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் என் பெயர், என் நட்சத்திரம், என் குடும்பம். அந்த வரிசையில் நானும்தான் நின்றேன்.

இப்போது ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பது வருஷமாக என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

1986 ஜனவரி. ஒரு கிராமத்தில் சின்ன ஆபீஸ், நான்தான் போஸ்ட்மாஸ்டர். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த வருஷம் கூடாரவல்லி சனிக்கிழமையில் வந்தது. ஊர்ப் பெருமாள் கோயில் மார்கழி பஜனைக்கு நான் பொக்கிஷதாரர். விடியற்காலையில் கோயிலில் அக்காரவடிசல் தளிகை. நெய் முழங்கை வரை வழியவேண்டும் என்று வீட்டுக்கு வீடு நெய் வசூல் பண்ணியிருந்தோம். பிரசாதம் கொடுத்து முடித்து, மீதியை ஒரு தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டேன். சாயங்கால பஜனைக்கு ஏற்பாடு பண்ணவேண்டிய அவசரம். பன்னிரண்டு மணிக்குக் கணக்கை முடித்து, பணப்பெட்டியைப் பூட்டிவிட்டேன்.

பன்னிரண்டே கால் இருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பாட்டி வந்தார். முதியோர் பென்ஷன் மணியார்டர் அவருக்கு மாதாமாதம் வரும். தபால்காரர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தார். பணம் பெட்டியில் இருந்தது. பாட்டி வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, "சாமி, பணம் வந்திருக்குன்னு சொன்னாங்க" என்றார்.

"கணக்கு முடிச்சாச்சு. திங்கட்கிழமை வா" என்றேன்.

'வா' என்றேன். என் அம்மாவைவிட மூத்தவர். அவர் எங்கள் தெருவில் இருந்திருந்தால் 'வாங்கோ பாட்டி' என்று சொல்லியிருப்பேன். அந்தத் தெருவில் இருந்ததால் 'வா' என்றேன். அது எனக்கு அன்றைக்குத் தோன்றக்கூட இல்லை.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அப்புறம் போய்விட்டார். தூக்கு என் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. ஒரு கை அள்ளி இலையில் வைத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. கூடாரவல்லிப் பாசுரத்தின் சாரமே எல்லாரும் கூடி உட்கார்ந்து உண்டு மனம் குளிர்வதுதான். அதைத்தான் அன்று காலையில் தொண்டை கிழியப் பாடியிருந்தேன். சாயங்காலமும் பஜனை. கடைசியில் உலகம் முழுவதும் க்ஷேமமாக இருக்கவேண்டும் என்று வழக்கம்போல எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொண்டோம்.

திங்கட்கிழமை தபால்காரர் வேலைக்கு வந்தார். பொங்கலுக்கு முன்னால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பணத்தை எடுத்துக்கொண்டு போனவர், பாரத்தோடு திரும்பி வந்தார். பாட்டி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போய்விட்டார். பெறுநர் காலமானார், அனுப்பியவருக்குத் திருப்புக என்று எழுதி முத்திரை குத்தினேன். என் கையால் குத்தினேன்.

அந்தப் பணம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? இருக்காது. வயசு அப்படி. விதிப்படி நான் செய்தது சரிதான், மேலதிகாரி யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அவர் கடைசியாகப் பார்த்த உத்தியோகஸ்தர் முகம் என் முகம். அதில் நெற்றி நிறைய திருமண் இருந்தது.

இனி என் முதல் நண்பருக்கு வருகிறேன். பிரார்த்தனை எனக்கும் பகவானுக்கும் நடுவில் என்கிறீர்களே சார், அன்றைக்கு எனக்கும் பகவானுக்கும் நடுவில் ஒரு பாட்டி வந்து நின்றார். அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டுத்தான் நான் பகவானிடம் போனேன். அங்கே போய் என்ன பேசியிருக்க முடியும்?

நம் ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். கொள்ளிடத்தைத் தாண்டினால் வடலூர் ஒன்றும் தூரமில்லை. வள்ளலார் அங்கே என்ன வரிசையில் காரியம் செய்தார் என்று பாருங்கள். 1867-இல் சத்திய தருமச்சாலை. வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. அந்த அடுப்பு அன்றிலிருந்து இன்று வரை அணையவில்லை. ஜோதி தரிசனத்துக்கான சத்திய ஞான சபையில் முதல் வழிபாடு நடந்தது 1872 தைப்பூசத்தில். முதலில் அடுப்பு, ஐந்து வருஷம் கழித்து ஜோதி. நாம் தைப்பூசத்துக்குப் பஸ் பிடித்துப் போய் ஏழு திரை விலகுவதைப் பார்த்துவிட்டு வருகிறோம். அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? பிற உயிரின் பசியைப் பார்த்து இரங்கி அதைத் தீர்ப்பதே கடவுள் வழிபாடு என்று அவர் உரைநடையில் விளக்கமாகவே எழுதி வைத்தார். இரக்கத்தை வழிபாட்டுக்குப் பிறகு செய்கிற தர்மமாக அவர் வைக்கவில்லை. வழிபாடே அதுதான் என்றார்.

'எல்லாரும் நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே நாங்களும் வேண்டிக்கொள்கிறோம்' என்று நண்பர் சொல்லுவார். நானும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். 'எல்லாரும்' என்பது சுலபமான வார்த்தை. அதில் முகம் கிடையாது. உலக க்ஷேமத்துக்காக வேண்டிக்கொண்டவன்தான் வாசலில் நின்ற ஒரு ஆளைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேதாந்தம் வேண்டாம், மடையே போதும். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்கு வந்து, காவிரி வெண்ணாறு என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடைக்குப் போய்ச் சேரவேண்டும். நம்மில் எத்தனையோ பேர் வயலுக்கு வாய்க்காலே கிடையாது. மேல் வயலில் நிரம்பி வழிந்துதான் கீழ் வயலுக்குத் தண்ணீர். மேல் வயல்காரன் காவிரித் தாயைக் கும்பிட்டுவிட்டு, தன் வயல் நிறைந்ததும் வரப்பை உயர்த்தி அடைத்துக்கொண்டால் அவனை என்ன சொல்லுவோம்? பக்திமான் என்றா சொல்லுவோம்? தண்ணீர் அவனுக்காக மட்டும் வரவில்லை, அவன் வழியாகவும் வந்தது. பிரார்த்தனையில் கிடைக்கிற மனநிம்மதியும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டுப் பூஜை அறையிலேயே அது தேங்கி நின்றால் கொஞ்ச நாளில் பாசி பிடித்துவிடும்.

இப்போது கறுப்புச் சட்டை நண்பர். இதுவரை படித்து அவர் சந்தோஷப்பட்டிருப்பார். அவருக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது.

அந்தப் பாட்டிக்கு வந்த பணம் கும்பிட்டு வந்த பணம் இல்லை. அரசாங்கம் சட்டம் போட்டுக் கொடுத்த பணம். திட்டம் நல்ல திட்டம், இன்றும் நான் அதற்குக் கும்பிடு போடுவேன். மெட்ராஸிலிருந்து கிளம்பி, கஜானா, தலைமைத் தபால் ஆபீஸ் எல்லாம் தாண்டி என் பணப்பெட்டி வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. கடைசி நாலடி தூரம்தான் போகவில்லை. அந்த நாலடியைக் கடக்க ஒரு மனுஷன் எழுந்திருக்கவேண்டும். அவனை எழுந்திருக்க வைப்பது எது? விதியா? விதி என் பக்கம்தான் இருந்தது.

பணம் கொடுத்தால் வேலை முடிந்தது என்கிறீர்கள். வேலை முடியவேண்டும் என்பதுதானே அதில் உள்ள ஆசை? ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தனுப்பினால் அந்த ஆளின் கண்ணை நாம் பார்க்கவேண்டியதில்லை. கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்ற வாசற்படி அப்படியே இருக்கும். ஊரில் நடக்கிற அன்னதானங்களைப் பாருங்கள். பிறந்தநாள் என்றால் பிளெக்ஸ் போர்டில் கொடுப்பவர் படம் ஆளுயரத்துக்கு இருக்கிறது. தட்டை நீட்டுகிறவர் பெயர் அங்கே யாருக்காவது தெரியுமா? வயிறு நிறைகிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டால் போதும், பெயர் எதற்கு என்று கேட்டால் அதற்கும் தலைவணங்குகிறேன். ஆனால் அடுத்த வேளை பசிக்கு அவர் யாரிடம் போவார்? முகம் தெரியாதவனிடம் உரிமையோடு போகமுடியாது.

பிரார்த்தனை என்று நான் சொல்வது என்ன? தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இன்னொரு மனுஷனுடைய கஷ்டத்தை, பெயரோடும் முகத்தோடும், அவசரப்படாமல் மனசில் வைத்திருப்பது. கடவுளிடம் சொல்கிறோமோ, சுவரிடம் சொல்கிறோமோ, அது அவரவர் நம்பிக்கை. அப்படி ஐந்து நிமிஷம் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆறாவது நிமிஷம் எழுந்து போகாமல் இருப்பது கஷ்டம். நண்பரே, உங்கள் கூட்டத்திலும் இதைச் செய்தவர்கள் உண்டு. அவர்கள் அதற்குப் பிரார்த்தனை என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் கிழவன் கதை, உலகத்தில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

1968 டிசம்பர் 25. மார்கழி மாதம். கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதிலிருந்து வளர்ந்த பகை. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். அந்தப் பக்கத்து ஆபீசில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். இன்று நினைத்தால் என்னை உலுக்குவது இதுதான்: அன்றைக்கு விடியற்காலையிலும் டெல்டா முழுக்கக் கோயில்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடினார்கள். மறுநாள் விடியற்காலையிலும் பாடினார்கள். பாட்டு நிற்கவில்லை. எத்தனை கோயிலில் அந்த 44 பேருக்காக ஒரு நிமிஷம் நின்றிருப்பார்கள்?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கீழத் தஞ்சைக்கு வந்து தங்கி வேலை செய்தவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும். அவர் வசதியான குடும்பத்தில் பிறந்து காந்தி வழிக்கு வந்தவர். அந்த அம்மா நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் வினோபாவின் பூமிதான இயக்கத்தில் நடந்தவர்கள். கிருஷ்ணம்மாள் வள்ளலாரின் வழியில் விளக்கேற்றி வழிபடுகிறவர். 1981-இல் 'லாப்டி' என்று நாம் சொல்லும் உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தார்களோடு உட்கார்ந்து பேசி, ஒரு விலைக்குச் சம்மதிக்க வைத்து, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று வாங்கிப் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். இப்படி ஏறத்தாழ 13,000 ஏக்கர் கை மாறியது. 2008-இல் இருவருக்கும் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

நான் பார்க்கச் சொல்வது ஏக்கர் கணக்கை இல்லை. எவர் வர்க்கத்தின் கையால் தன் ஜனங்கள் அழிந்தார்களோ, அவர்கள் வாசலுக்கே ஒரு பெண் போய் நின்று பேசுவதற்கு என்ன தெம்பு வேண்டும்? கோபம் மட்டும் இருந்தால் அந்த வாசலில் ஏறமுடியாது. பயம் மட்டும் இருந்தால் தலைநிமிர்ந்து பேசமுடியாது. எதிரில் உட்கார்ந்திருப்பவனும் திருந்தக்கூடிய மனுஷன்தான் என்று நம்பவேண்டும். அந்த நம்பிக்கையைத் தினம் தினம் புதுப்பித்துக்கொள்ள அந்த அம்மாவுக்கு விளக்கு வேண்டியிருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் பிரார்த்தனை வீட்டோடு நிற்கவில்லை. சேரிக்கும் போனது, மிராசுதார் வீட்டுக்கும் போனது.

'செங்கொடிச் சங்கம் போராடாமல் இருந்தால் கூலி ஒரு படி ஏறியிருக்குமா?' என்று நண்பர் கேட்பார். ஏறியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். சங்கத்துக்காரர்கள் அடி வாங்கினார்கள், உயிர் கொடுத்தார்கள், அதற்குமேல் நான் என்ன சொல்ல? கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் விளக்கேற்றிவிட்டுச் சும்மா உட்காரவும் இல்லை. சிறைக்குப் போனார்கள். கடற்கரையில் இறால் பண்ணைகள் வந்து நல்ல வயலை உப்பாக்கியபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பரில் தீர்ப்பு வாங்கினார். பிரார்த்தனை போராட்டத்துக்கு எதிரி என்று யார் சொன்னது? போராடுகிறவன் எதிராளியை வெறுத்து வெறுத்து வறண்டு போகாமல் இருக்க அது ஒரு வழி.

காந்தியும் இதைத்தான் செய்தார். 1947-இல் டெல்லியில் நாடே வெட்டிக்கொண்டிருந்தபோது சாயங்காலப் பிரார்த்தனையில் கீதையோடு குர்ஆனும் ஓதவைத்தார். கூட்டத்தில் ஒருவர் ஆட்சேபம் சொன்னாலும் அன்றைய பிரார்த்தனையை நிறுத்திவிட்டு அதைப் பற்றியே ஜனங்களோடு பேசிய நாட்கள் உண்டு. ஆயிரம் பேர் வேண்டும் என்கிறபோது ஒருவனுக்காக எதற்கு நிறுத்தவேண்டும்? அந்த ஒருவனை வெளியே தள்ளிவிட்டுச் செய்தால் அது பிரார்த்தனை ஆகாது என்பதால்தான். 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக்கு நடந்துபோகும் வழியில்தான் சுடப்பட்டார்.

நமக்கு ரொம்பப் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அப்போது நான் சர்வீஸில் இருந்தேன். நாகூரில் தர்கா நிலத்தில் குழி வெட்டி, மதம் பார்க்காமல், யார் எவர் என்று தெரியாத உடல்களையும் சேர்த்து அடக்கம் செய்தார்கள். அந்தத் தர்காவின் உயரமான மினாரா தஞ்சை மராட்டிய ராஜா பிரதாபசிம்மன் கட்டிக்கொடுத்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு இந்து ராஜா வேண்டுதலுக்குக் கட்டிக்கொடுத்த மினாரா நிற்கிற தர்கா, 250 வருஷம் கழித்து இந்துப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தது. ஒரு வேண்டுதல் எத்தனை தலைமுறை தாண்டி யாருக்கு வந்து பயன்படும் என்று கட்டியவருக்குத் தெரியாது.

சரி, டீக்கடைக்குத் திரும்புவோம்.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் போகிறேன் என்று தெரிந்து, பிரார்த்தனை நண்பரும் முனகிக்கொண்டே வந்தார். கறுப்புச் சட்டைக்காரர் எங்களுக்கு முன்னாலேயே வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. டீ கொடுக்கிறவர் எங்களைப் பார்த்துப் பதறிப்போய் எழுந்தார். எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் தவித்தார். பத்து வருஷமாக அவர் நின்று கொடுத்து, நாங்கள் உட்கார்ந்து குடித்தோம். அன்றைக்கு அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் நின்றோம்.

அவர் மனைவி பெயரைக் கேட்டேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. அந்தம்மா பேசமுடியாமல் கையை மட்டும் தூக்கினார். என் நண்பர் பக்கத்தில் போய்த் தன் சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, "பூசலாமாம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பூசினார். நாற்பது வருஷமாக விபூதியைக் கிண்டல் பண்ணிய மனுஷன், அந்தம்மா தலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தம்மா குணமாகிவிட்டார் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். இதை எழுதும்போது இன்னும் வார்டில்தான் இருக்கிறார். நாங்கள் முறைவைத்துப் போய்க்கொண்டிருக்கிறோம்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பூஜையை விடவேண்டாம். அர்ச்சனைச் சீட்டு வாங்குவதையும் விடவேண்டாம். ஆனால் அடுத்த தடவை பெயர், நட்சத்திரம் கேட்கும்போது உங்கள் குடும்பத்தில் இல்லாத ஒருவர் பெயரையும் சொல்லுங்கள். பால்காரர், பெருக்குகிற அம்மா, வழக்கு நடக்கிற பங்காளி, யாராவது ஒருவர். நட்சத்திரம் தெரியாதே என்பீர்கள். தெரியாதுதான். அதைக் கேட்பதற்காகவாவது அவர் வீட்டு வாசலுக்குப் போங்கள். போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். மீதியைப் பகவான் பார்த்துக்கொள்வான் என்று அப்புறம் சொல்லலாம்.

அந்தப் பாட்டியின் பெயரை நான் மறக்கவில்லை. மணியார்டர் பாரத்தில் என் கையால் எழுதிய பெயர். ஒவ்வொரு கூடாரவல்லியன்றும் அக்காரவடிசல் வைக்கும்போது முதலில் அந்தப் பெயரைச் சொல்கிறேன். 'வாங்கோ' என்று சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருக்கு இனி அது எட்டாது. எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு என் வாசலில் வந்து நிற்கிற யாரையும் திங்கட்கிழமை வரச் சொன்னதில்லை.